ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் லிமிட் அலாரம், யூ.எஸ்.பி. துண்டிப்பு: கோளாறை எங்கே தேடுவது?

கோவை_ரவுட்டர்

வணக்கம். வீட்டில் கட்டிய 600 x 400 மி.மீ. சி.என்.சி. ரவுட்டர் (கணினி சொல்றபடி வெட்டுற மெஷின்). விவரம்: சிஹெச்340 யூ.எஸ்.பி. சிப் உள்ள அர்டுயினோ யூனோ குளோன் (கன்ட்ரோலர் போர்டு), அதுக்கு மேலே செருகுற சி.என்.சி. ஷீல்டு வி3 போர்டு, மெஷினை ஓட்டுற ஜி.ஆர்.பி.எல். 1.1 ஃபர்ம்வேர். ஸ்டெப்பருக்கு வெளியே மூணு டி.பி.6600 டிரைவர், 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுத்துற மோட்டார்) 1.5 கிலோவாட் வாட்டர் கூல்டு, அதன் வேகத்தை மாத்துற 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வி.எஃப்.டி. அச்சு எல்லை தாண்டாம நிறுத்துற லிமிட் எல்லாம் சாதா மைக்ரோ சுவிட்ச், நார்மலி ஓப்பன் (அழுத்தினாத்தான் மூடும்), அச்சுக்கு ரெண்டு. லிமிட் வயர் சுமார் 2 மீட்டர், ஸ்பிண்டில் கேபிளும் மோட்டார் வயரும் போகிற அதே டிராக் செயினில்தான் (கேபிளைத் தாங்கி வளையுற பிளாஸ்டிக் சங்கிலி) போகுது.

ஸ்பிண்டிலை ஆன் பண்ணாம மணிக்கணக்கா ஓட்டினாலும் ஒரு பிரச்சனையும் இல்லை. 18,000 ஆர்.பி.எம்.ல விட்டா, சில சமயம் எந்த சுவிட்சையும் தொடாமலே அலாரம் 1 (லிமிட் பட்டுடுச்சுன்னு மெஷின் நிக்குது). சில சமயம் மென்பொருளில் போர்ட் காணாமப் போகுது, யூ.எஸ்.பி.யைக் கழட்டி மாட்டினாத்தான் திரும்ப வருது. ஜி.ஆர்.பி.எல்.லில் $26 அமைப்பை (டிபவுன்ஸ் தாமதம், மில்லிசெகண்ட்) 250லிருந்து 500 ஆக்கிப் பார்த்தாச்சு, மாற்றமில்லை. யூ.எஸ்.பி. கேபிளில் கிளிப் ஃபெரைட்டும் (நாய்ஸைத் தடுக்கிற வளையம்) போட்டாச்சு.

யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் (கணினிக்கும் போர்டுக்கும் மின் தொடர்பைப் பிரிக்கிறது) வாங்கலாமா, இல்லை கன்ட்ரோலரையே மாத்தணுமா?

ஓம்_விதி

எதையும் வாங்குவதற்கு முன் கோளாறைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொல்வது ஒரே வியாதி போலத் தெரிந்தாலும் இரண்டு வெவ்வேறு வழியாக நாய்ஸ் (தேவையற்ற மின் இரைச்சல்) உள்ளே வருகிறது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. நின்றவுடன் மென்பொருளில் செய்திகள் வரும் கன்சோலில் கடைசி வரிகளைப் படியுங்கள்:

அலாரம் 1 என்றால் லிமிட் பின்னில் (சிப்பின் உள்ளீட்டுக் காலில்) பொய் சிக்னல். ஜி.ஆர்.பி.எல். வரவேற்பு வரி வேலை நடுவே திரும்ப வந்தால் போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது. அதற்கு முன் அலாரம் 3 இருந்தால் ஏ0 பின்னில் உள்ள ரீசெட் பட்டன் உள்ளீட்டில் நாய்ஸ். அலாரம் எதுவுமின்றி மெஷின் பொசிஷனும் பூஜ்யமாகிவிட்டால் சிப்பே முழுதாக ரீசெட் ஆனது, அதாவது 5 வோல்ட் சப்ளை சரிந்திருக்கலாம். போர்ட்டே காணாமல் போனால் அது யூ.எஸ்.பி. பக்கம், லிமிட் வயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

$26 பற்றி: அது ஹோமிங்கின்போது (மெஷின் தொடக்கப் புள்ளியைத் தேடும்போது) மட்டும் பயன்படும் தாமதம். ஓடும்போது லிமிட் பட்டால் நிறுத்தும் ஹார்ட் லிமிட், இன்டரப்ட்டில் (சிப்பை உடனே குறுக்கிடும் சிக்னலில்) வேலை செய்வது, பின்னின் நிலை மாறிய அடுத்த கணமே அலாரம் அடித்துவிடும். அதனால் அதை 500 ஆக்கினாலும் 5000 ஆக்கினாலும் இந்த அலாரம் குறையாது. கான்ஃபிக் கோப்பில் சாஃப்ட்வேர் டிபவுன்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை இயக்கி மறுபடி கம்பைல் செய்தால் சுமார் 32 மில்லிசெகண்ட் கழித்துப் பின்னை மீண்டும் பார்த்து முடிவெடுக்கும். நல்ல வசதிதான், ஆனால் வயரிங்கைச் சரிசெய்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் கோளாறு எங்கே என்பது மறைந்துவிடும்.

லிமிட் பின் ஏன் இவ்வளவு எளிதில் ஏமாறுகிறது? நார்மலி ஓப்பன் சுவிட்சில், திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த 2 மீட்டர் வயர் ஒரு ஆன்டெனா. அதை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் புல்அப் (5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) மட்டும்தான். பக்கத்தில் வி.எஃப்.டி. கேபிளில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி இறங்கும் பல்ஸ் போகும்போது அது தாங்காது.

செய்ய வேண்டியது: சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டு (அழுத்தினால் திறக்கும்) காண்டாக்டுக்கு மாற்றுங்கள். ஒரே அச்சின் இரண்டு சுவிட்சும் இப்போது பேரலலில் இருக்கும், அவற்றை சீரிஸில் போட வேண்டும். இதை மறந்தால் ஒரு சுவிட்ச் அழுத்தப்பட்டாலும் மற்றது மூடியே இருக்கும், வண்டி நிற்காது. பிறகு $5=1 (லிமிட் பின்னைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் அமைப்பு). இனி சாதாரண நிலையில் வயர் கிரவுண்டோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும், வயர் அறுந்தாலும் உடனே அலாரம் வரும்.

ஷீல்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு லிமிட் பின்னுக்கும் சின்ன ஃபில்டர். வயர் வந்து சேரும் முனையிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம், அதே முனையிலிருந்து பின்னுக்கு 1 கிலோ ஓம் சீரிஸ், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் (100 நானோ ஃபாரட்). 2.2 கிலோ ஓமை வயர் பக்கம்தான் போட வேண்டும். பின் பக்கம் போட்டால், சுவிட்ச் மூடியிருக்கும்போது இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து வோல்டேஜ் டிவைடர் ஆகி, பின்னில் 1.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்தச் சிப் 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் நிச்சயமாக லோ என்று எடுக்கும். படத்தைப் பார்த்துப் போட்டும் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

தாமதம் பற்றிக் கவலை வேண்டாம். 3.2 கிலோ ஓம் x 100 நானோ ஃபாரட், 0.32 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 2000 மி.மீ. வேகத்தில் அது 0.01 மி.மீ. மட்டுமே.

பேனல்_போர்டு

மேலே சொன்னது பெறுகிற பக்கம். கிளப்புகிற பக்கத்தையும் பார்க்கணும், அது உங்க ஸ்பிண்டில் கேபிள்.

முதல்ல வி.எஃப்.டி.யை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு 10 நிமிஷம் விடுங்க. உள்ளே டி.சி. பஸ் கெபாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் நிக்கும். டி.சி. டெர்மினல்ல மீட்டர் வெச்சு இறங்கிடுச்சான்னு உறுதி பண்ணாம கை வைக்காதீங்க.

அப்புறம் ஸ்பிண்டில் தலையில இருக்கிற 4 பின் கனெக்டர்ல, நாலாவது பின்னுக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் கன்டினியூட்டி பாருங்க. இந்த வகை ஸ்பிண்டில்கள்ல நாலாவது பின் உள்ளே எங்கேயும் சேராம சும்மா விட்டிருக்கிறது ரொம்ப சகஜம். அப்படி இருந்தா பாடி எர்த் இல்லாம மிதக்குது. வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற கெபாசிட்டன்ஸ் வழியா வர்ற கரன்ட், மெஷின் ஃபிரேம், லிமிட் வயர், யூ.எஸ்.பி. கிரவுண்டுன்னு கிடைச்ச வழியில திரும்பிப் போகும். இது நாய்ஸ் விஷயம் மட்டும் இல்ல, இன்சுலேஷன் போனா பாடியைத் தொட்டவருக்கு ஷாக். கனெக்டரைத் திறந்து பின்னை பாடியோட சேருங்க, முடியலைன்னா ஸ்பிண்டில் கிளாம்ப்ல ரிங் லக் வெச்சு தனி எர்த் வயர் இழுங்க. அனோடைஸ் பண்ணின அலுமினியம் கரன்ட் கடத்தாது. லக் உட்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியற வரைக்கும் தேய்ச்சு, பல் வாஷரோட டைட் பண்ணுங்க.

கேபிள்: 4 கோர் 1.5 சதுர மி.மீ. பின்னல் ஷீல்டு உள்ளது. பவர் கேபிள் ஷீல்டை ரெண்டு முனையிலும் எர்த் பண்ணணும், வி.எஃப்.டி. முனையில பின்னலை முழுசா சுத்திப் பிடிக்கிற உலோக கிளாம்ப்ல. பின்னலை முறுக்கி நீளமா ஒரு வால் விட்டு ஸ்க்ரூவுல மாட்டினா அதிக அதிர்வெண்ணுக்கு அந்த வாலே தடையாகி, ஷீல்டு பாதிப் பயன்தான் தரும். லிமிட் கேபிள் ஷீல்டு வேற கதை, அது கன்ட்ரோலர் முனையில மட்டும்.

அதே டிராக் செயின்ல ரெண்டும் போறதை மாத்துங்க. வேற வழியே இல்லைன்னா நடுவுல தடுப்பு வெச்சு எதிரெதிர் ஓரத்துல. குறுக்கே கடக்க வேண்டி வந்தா 90 டிகிரியில கடக்கட்டும்.

ஃபெரைட்டை யூ.எஸ்.பி.யில ஒரு தடவை நுழைச்சு விட்டிருப்பீங்க. தடுக்கிற திறன் சுற்று எண்ணிக்கையோட வர்க்கத்துல கூடும், மூணு சுற்று போட்டா கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. வி.எஃப்.டி. அவுட்புட்ல மூணு ஃபேஸையும் சேர்த்து பெரிய ஃபெரைட் வளையத்துல மூணு நாலு சுற்று விடுங்க, எர்த் வயர் மட்டும் வளையத்துக்கு வெளியே.

யூ.எஸ்.பி.க்கு ஒரு சோதனை: லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டுங்க. துண்டிப்பு நின்னுட்டா எர்த் லூப்தான் (ரெண்டு எர்த் வழியா சுத்தி ஓடுற கரன்ட்), அப்போ ஐசொலேட்டருக்குக் காசு செலவழிக்கலாம். ஏ.டி.யு.எம்.4160 சிப் உள்ள போர்டு போதும், வேகத்தை ஃபுல் ஸ்பீடுல வையுங்க. 1 வாட் டி.சி. கன்வெர்ட்டர் உள்ளதா இருந்தா 5 வோல்ட்ல 200 மில்லிஆம்ப் வரைதான் தரும், அதுல யூனோவுக்கு மேல பெருசா எதையும் ஏத்தாதீங்க. ஐசொலேட்டர் போட்ட பிறகு கன்ட்ரோலர் கிரவுண்டு மிதக்கும், அதை எர்த் பாருக்கு ஒரே ஒரு இடத்துல சேர்த்துடுங்க. கேபிள் 1.5 மீட்டருக்குள்ள இருக்கட்டும்.

கோவை_ரவுட்டர்

ரொம்ப நன்றி. நாலாவது பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பே இல்லை, மீட்டர் பீப் அடிக்கவே இல்லை. எர்த் வயர் இழுத்து கிளாம்ப்ல மாட்டினதும் போர்ட் துண்டிப்பு இதுவரை வரலை. அலாரம் 1 குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் எப்பவாவது வருது, பெரும்பாலும் ஒய் அச்சு வேகமா திரும்பும்போது. ஃபில்டர் இன்னும் போடலை, சுவிட்சை மட்டும் நார்மலி குளோஸ்டு ஆக்கி $5=1 வெச்சிருக்கேன். லிமிட் வயர் முனையெல்லாம் ஈயம் வெச்சு ஸ்க்ரூ டெர்மினல்ல இறுக்கினது, சி.என்.சி. ஷீல்டுல டியூபாண்ட் கனெக்டர் (பின்னில் சும்மா செருகுறது). மைக்ரோ சுவிட்சுக்குப் பதிலா இன்டக்டிவ் சென்சார் (தொடாமலே உலோகத்தை உணர்றது) போட்டா நல்லதா?

கிரிம்ப்_டூல்

ஒய் திரும்பும்போது வருகிறது என்றால் நாய்ஸ் இல்லாமல் லூஸ் கனெக்ஷனாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது சுலபம். வி.எஃப்.டி. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். $21=1 (ஹார்ட் லிமிட் ஆன்) இருக்கட்டும், மெஷின் ஐடிலில் (வேலையின்றி) நிற்கட்டும். இப்போது ஒய் லிமிட் வயரை சுவிட்சிலிருந்து ஷீல்டு வரை ஒவ்வொரு சாணாகப் பிடித்து வளைத்து, கனெக்டரை விரலால் ஆட்டுங்கள். ஹார்ட் லிமிட் ஐடிலிலும் விழித்திருக்கும். ஓர் இடத்தில் அலாரம் 1 அடித்தால் அதுதான் இடம். மல்டிமீட்டர் பீப் இதற்குப் பயன்படாது, மில்லிசெகண்ட் துண்டிப்பு அதன் காதில் விழாது, இன்டரப்ட்டில் விழும்.

ஈயம் வைத்த முனையை ஸ்க்ரூ டெர்மினலில் இறுக்கக் கூடாது. ஈயம் மென்மையான உலோகம், ஸ்க்ரூ அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகும். இன்று டைட்டாக இருப்பது ஒரு மாதத்தில் லூஸாகும். போதாததற்கு ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைப்பாகி, அதிர்வில் அங்கேயே முறியும். ஈயப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வயர் தடிமனுக்கேற்ற ஃபெருல் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழாய்) போட்டு, அதற்கான கிரிம்பரில் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரில் நசுக்கினால் ஃபெருல் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டுவிடும்.

டியூபாண்ட் கனெக்டருக்குப் பூட்டு இல்லை, ஸ்பிண்டில் அதிர்வில் மெல்ல நகரும். லிமிட் வயரை, மேலே சொன்ன ஃபில்டரோடு சேர்த்து ஒரு சின்ன டாட் போர்டில் ஸ்க்ரூ டெர்மினலில் முடியுங்கள். அங்கிருந்து ஷீல்டுக்கு 5 செ.மீ. வயர் போதும். அதே போர்டில் ஏ0, ஏ1, ஏ2 பின்களுக்கும் ஆளுக்கு ஒரு 104 கிரவுண்டுக்குப் போடுங்கள். பட்டன் மாட்டாவிட்டாலும் அந்தப் பின்கள் விழித்தே இருக்கும். காரணமின்றி ஃபீட் ஹோல்டில் நிற்பது ஏ1ல் வரும் நாய்ஸ்தான்.

டிராக் செயினுக்குள் வீட்டு வயரிங் கேபிள் இருந்தால் மாற்றிவிடுங்கள். மெல்லிய இழைகள் நிறைந்த ஃப்ளெக்சிபிள் கேபிள்தான் தினமும் வளைவதைத் தாங்கும். ஸ்டெப்பர் கனெக்டர்களையும் இழுத்துப் பாருங்கள். ஓடும்போது ஒரு காயில் துண்டித்துச் சேர்ந்தால் அதிலேயே ஸ்பார்க் நாய்ஸ் வரும், டிரைவரும் எரியும்.

இன்டக்டிவ் சென்சார் போடலாம், ஆனால் ஷீல்டு பின்னில் நேரடியாக வேண்டாம். 12 மி.மீ. விட்டமுள்ள எல்.ஜே.12ஏ3 வகை 6 முதல் 36 வோல்ட்டில் ஓடும். உள்ளே புல்அப் உள்ள மாடலாக இருந்தால் 24 வோல்ட் யூனோவுக்குள் ஏறிவிடும். நடுவில் பிசி817 ஆப்டோ (ஒளி மூலம் சிக்னலைக் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் சிப்) வையுங்கள்: 24 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம், ஆப்டோ எல்.இ.டி., பிறகு சென்சாரின் கறுப்பு வயர். சுமார் 4.8 மில்லிஆம்ப் ஓடும், கால் வாட் ரெசிஸ்டர் போதும். எல்.இ.டி.க்குக் குறுக்கே ஒரு 4148 டயோடு, தலைகீழாக. அவுட்புட் பக்கம் எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் லிமிட் பின்னுக்கு, அங்கே ஓம்_விதி சொன்ன அதே ஃபில்டர். வாங்கும்போது எண்ணின் கடைசியைப் பாருங்கள்: பி.எக்ஸ். என்றால் என்.பி.என். நார்மலி ஓப்பன், ஏ.எக்ஸ். என்றால் என்.பி.என். நார்மலி குளோஸ்டு. உங்களுக்கு ஏ.எக்ஸ். ஆனால் சென்சாரை சுவிட்ச் போல சீரிஸில் கோக்க வேண்டாம், அச்சுக்கு ஒன்று வைத்து இரு முனையிலும் உலோகத் துண்டு வைத்தால் போதும்.

இந்த 24 வோல்ட் ஆப்டோ உங்கள் மைக்ரோ சுவிட்சுக்கும் பொருந்தும், எனக்கு அதுவே பிடித்த வழி. 5 வோல்ட்டில் 2 மில்லிஆம்ப் ஓடும்போது சாதா வெள்ளிக் காண்டாக்டில் படிகிற ஆக்சைடு படலம் உடையாது. 24 வோல்ட் அதைத் துளைத்துவிடும், நாய்ஸும் எல்.இ.டி.யை ஏற்றும் அளவுக்குக் கரன்ட் தர வேண்டியிருக்கும். முதலில் ஃபெருலும் ஃபில்டரும். அதன் பிறகும் அலாரம் வந்தால் மட்டும் ஆப்டோ. மாற்றியபின் ஸ்பிண்டிலை 18,000ல் விட்டு, வெட்டாமல் காற்றில் முழு புரோகிராமையும் ஓட்டி, கன்சோலில் நிலை வரியில் உள்ளீட்டுப் பின்களைக் காட்டும் பகுதியில் எக்ஸ், ஒய், இசட் எழுத்து எதுவும் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள்.