அனுபவப் பகிர்வு: மரத்தின் வளர்ச்சியை அளந்து பராமரிப்பை முடிவு செய்வது

வேர்மண்:
மரம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்க உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கீழே நின்று கோணம் பார்த்து எடுக்கும் உயரத்தில் வரும் பிழைக்குள்ளேயே பெரிய மரத்தின் ஒரு வருட வளர்ச்சி காணாமல் போய்விடும். நம்பத் தகுந்தது அடிமரச் சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டரில் எடுப்பது வழக்கம், சில நாடுகளில் 1.3. எதை வைத்துக்கொண்டாலும் சரி, வருடா வருடம் அதே இடமாக இருக்க வேண்டும். பட்டையில் பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு போதும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பாருங்கள். துணி நாடா இழுபட்டு நீளும். ஃபைபர் அல்லது எஃகு நாடாவே நல்லது. நாடா சாய்ந்திருந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். இந்த வருடம் சாய்த்தும் அடுத்த வருடம் நேராகவும் பிடித்தால், மரம் மெலிந்துவிட்டது என்று ஏட்டில் ஏறிவிடும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். இளங்கன்றுக்கு 15 செ.மீ. உயரத்தில் தண்டு விட்டம் எடுக்க வேண்டும், 10 செ.மீ. விட்டத்தைத் தாண்டிய கன்றுக்கு 30 செ.மீ. உயரத்தில்.

பட்டைக்கோடு:
அளக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் இலை வழியாக நீர் வெளியேறும்போது தண்டு நூலிழை அளவு சுருங்கும், இரவில் மீண்டும் ஊறும். நீண்ட வறட்சியில் இந்தச் சுருக்கம் இன்னும் கூடும். அதனால் வருடா வருடம் ஒரே மாதத்தில், காலை வேளையில் அளங்கள். ஸ்பிரிங் வைத்த எஃகுப் பட்டையை மரத்தில் நிரந்தரமாகக் கட்டி அளப்பவர்களுக்கு ஒன்று: கட்டிய முதல் பருவத்தில் அந்த எஃகுப் பட்டை மரத்தோடு படிந்து இறுகும்வரை அளவு குறைவாகவே காட்டும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மரப்பட்டை தானாக உரியும் மரங்களில் நாடா சுற்றும் முன் தொங்கும் செதில்களைக் கையால் தட்டிவிடுங்கள், சுரண்ட வேண்டாம்.

கிளைநுனி:
சுற்றளவு மெதுவாகப் பேசும். மரத்துக்கு வந்த சங்கடம் முதலில் தெரிவது பெரும்பாலும் கிளை நுனியில்தான். குளிர்காலத்தில் மொட்டு மூடி உறங்கும் மரங்களில், மொட்டுச் செதில் உதிர்ந்த இடம் நெருக்கமான வளையத் தழும்பாகக் கிளையைச் சுற்றி நிற்கும். நுனியிலிருந்து முதல் தழும்புவரை கடைசிப் பருவத்தின் வளர்ச்சி, அங்கிருந்து அடுத்த தழும்புவரை அதற்கு முந்தையது. பழைய பதிவே இல்லாத மரத்திலும் இப்படி நாலைந்து வருடம் பின்னோக்கிப் படித்துவிடலாம், இதைவிட மலிவான கருவி இல்லை. வெயில் படும் வெளிப்பக்கக் கிளைகளில் எட்டுப் பத்து எடுத்துச் சராசரி பாருங்கள். நிழலில் கிடக்கும் உள்கிளை எப்போதுமே குட்டையாக இருக்கும்.

வருடத்தில் பலமுறை துளிர்விடும் வெப்பமண்டல மரங்களில் இந்தத் தழும்பை நம்ப முடியாது. அங்கே நுனிக்குக் கீழே பெயின்ட் வளையம் போட்டு அளப்பதே வழி. நூல் கட்டினால் தொளதொளவென்று கட்டுங்கள், இல்லாவிட்டால் கிளையையே இறுக்கிவிடும்.

அடிமரத்திலிருந்து செங்குத்தாகச் சீறி வரும் கிளைகளை இந்தச் சராசரியில் சேர்க்கவே கூடாது. அவை செழிப்பின் அடையாளம் அல்ல. கடும் கவாத்துக்கோ (கிளை வெட்டுவது) வேர்ச் சேதத்துக்கோ பிறகு மரம் இழந்த இலையை ஈடுகட்டப் பார்க்கிறது, அவ்வளவே.

வேர்மண்:
அடுத்த குழப்பம், வயதான மரத்தின் விட்டம் ஏறும் வேகம் குறைவது. விட்டம் 20 செ.மீ.யிலிருந்து 21 ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 32 சதுர செ.மீ. கூடுகிறது. 40லிருந்து 41 ஆனால் சுமார் 64. ஒரே ஒரு செ.மீ., ஆனால் மரம் செய்த வேலை இரட்டிப்பு. ஆகவே விட்டத்தோடு பரப்பையும் எழுதி வையுங்கள். விட்டம் மெதுவாக ஏறி, பரப்பு நிலையாகக் கூடிவந்தால் அது முதுமை, கவலையில்லை. பரப்பே வருடா வருடம் சரிந்தால் காரணம் தேட வேண்டும்.

நிழற்குடை:
தேடல் தரையில் தொடங்கட்டும். அடிமரம் தரையில் இறங்கும் இடத்தில் விரிந்து அகல வேண்டும். மின்கம்பம் போல நேராக மண்ணுக்குள் போனால் வேர்க்கழுத்து, அதாவது தண்டு வேராகப் பிரியும் இடம், புதைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆழமாக நட்டிருப்பார்கள், அல்லது பின்னால் மண் கொட்டியிருப்பார்கள். கையால் மண்ணை விலக்கி, தண்டைச் சுற்றி வளைத்து இறுக்கும் வேர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது மண் இறுக்கம். ஈரமான மண்ணிலேயே கம்பி இறங்க மறுத்தால் வண்டியோ கால்நடமாட்டமோ மண்ணை அமுக்கியிருக்கிறது. மரத்தடிப் புல்லை எடுத்துவிட்டு 5 முதல் 10 செ.மீ. கனத்தில் மூடாக்குப் (மண்ணை மூடும் சருகு, மரத்தூள் போன்றவை) போடலாம், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது.

வளர்ச்சி குறைந்ததும் யூரியாவோடு ஓடுவதுதான் பொதுவான தவறு. வேரே திணறும்போது யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) இலையை மட்டும் தள்ளும். இளந்தளிருக்குச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், தண்ணீர்த் தேவை ஏறும், வேர் அதைத் தாங்காது. பெயர்த்து நட்ட மரத்துக்கும் இதேதான். தோண்டும்போதே வேரில் பெரும்பகுதி போய்விடுவதால் நுனி வளர்ச்சி குறுகும். பழைய நீளத்துக்குத் திரும்பும்வரை நீர்ப்பாசனத்தை நிறுத்தாதீர்கள், கவாத்தும் வேண்டாம்.

வேகமாகப் பருக்கும் மரத்தில் வேலை வேறு. முட்டுக்கம்பில் கட்டிய கயிற்றை ஒவ்வொரு அளவீட்டின்போதும் தளர்த்துங்கள், விட்டால் பட்டைக்குள் பதிந்துவிடும். குறுகலான கவட்டைகளை (கிளை பிரியும் இடம்) கிளை சிறிதாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும்.

கிளைநுனி:
தென்னை, பனை வகைகளுக்கு மேலே சொன்ன அளவு முறைகள் பொருந்தாது. அவற்றின் தண்டு மரங்களைப் போல வருடா வருடம் பருப்பதில்லை, நாடா சுற்றிப் பயனில்லை. புதிதாக விரியும் மட்டைகளை எண்ணுங்கள். நல்ல தென்னையில் மாதத்துக்குச் சுமார் ஒன்று. உச்சிக்கருகே தண்டு கூம்பி மெலிந்தால் சத்துக் குறைவை நினையுங்கள். சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறைவில் அடிமட்டை மஞ்சளாகும்போது அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். அந்த மட்டையிலிருந்துதான் குருத்துக்குச் சத்து போய்க்கொண்டிருக்கும். வெட்டினால் அடுத்த மட்டை மஞ்சளாகும்.