படலைக்குள்ள கிடந்த நோட்டீஸ்

எங்கட வீடு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை. நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவ ஆக்கள், ஒழுங்கையில மற்ற எல்லாரும் சைவம். 2020 பொதுத் தேர்தலுக்குக் கிட்ட ஒருநாள் விடியப் படலையைத் திறந்தால் ஒரு நோட்டீஸ் கிடக்குது. கிறிஸ்தவ வேட்பாளருக்கு விருப்பு வாக்குப் (கட்சிக்குப் போட்டிட்டு அதுக்குள்ள ஆளைத் தெரிஞ்சு போடுற வோட்டு) போடாதேங்கோ எண்டு கொட்டை எழுத்தில. அடிச்ச ஆக்களின்ர பேர் இல்லை.

கொஞ்ச நேரத்தில பக்கத்து வீட்டு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால வந்தா. கையில அதே தாள். "தம்பி, உங்கட வீட்டுக்கையும் போட்டிட்டாங்களோ?" எண்டு கேட்டவா, முகத்தை நிமிர்த்தவே இல்லை. செய்தது ஆரோ, வெக்கப்பட்டது அவா. எனக்கு அதுதான் தாங்கேலாமல் போச்சு.

பிறகு விறாந்தைக் குந்தில இருந்து தன்ர ஐயாவின்ர கதையைச் சொன்னா. தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் வேதக்காரர். 1952இல அவர் எங்கட காங்கேசன்துறைத் தொகுதியில தோற்ற தேர்தலிலயும் "வேதக்காரனுக்கோ வோட்டு?" எண்ட கதை ஊருக்குள்ள திரிஞ்சதாம். ஐயா திருநீறு பூசிக்கொண்டு போய் அவருக்குத்தான் போட்டவராம். 1956இல அதே தொகுதி அவரை வெல்ல வைச்சது. 1975 இடைத்தேர்தலில 16,000க்கும் கூடின பெரும்பான்மை. போட்ட சனத்தில முக்கால்வாசி சைவம். தந்தை செல்வா எண்டு கூப்பிட்டதும் அவையள்தான்.

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போனன். முன் வாங்கில ஒரு வேட்பாளர். போதகர் அவரை எழுப்பி, தலையில கை வைச்சு, தேவபிள்ளைக்கு ஜெயம் குடும் எண்டு ஜெபிச்சார். சபை ஆமென் எண்டது. எனக்கு வாய் வரேல்லை. முடிய வாசலில வைச்சுக் கேட்டன், "ஐயா, படலையில கிடந்த நோட்டீசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"தம்பி, அவையள் தங்கட ஆக்களைச் சேர்க்கினம். நாங்கள் சும்மா இருந்தால் அழிஞ்சு போவம்."

நான் மறுமொழி சொல்லேல்லை. சொல்லியிருக்க வேணும். 1995 யூலை 9 நவாலித் தேவாலயத்தில விமானப்படையின்ர குண்டு விழேக்க அங்க தஞ்சமிருந்த சனம் சைவமும் வேதமும் கலந்துதான். அழிவெண்டால் என்னெண்டு எங்களுக்குத் தெரியும். அது மாமி வீட்டுப் பொட்டுக்குள்ளால வாறேல்லை. இந்தப் பயத்தைக் கோயிலடியிலயும் சபையிலயும் விதைக்கிறவைக்கு வேண்டியது எங்கட வோட்டு மட்டும்தான்.

மாமியின்ர சீதனக் காணி பலாலிப் பக்கம். 1990இல விட்டிட்டு ஓடி வந்தது, இன்னும் ஆமிக்குள்ள. அண்டைக்கு எழும்பிப் போக முன்னம் அவா அந்த நோட்டீசை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"காணியைப் பற்றி ஒண்டும் போடேல்லையே, தம்பி?"

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்திலயும் அது இருக்கேல்லை.