மோதிரம் வெளுத்தது: கிரீமில் பாதரசம் இருந்த அனுபவம் வேறு யாருக்காவது உண்டா?

சாட்ஸ்வர்த் அண்ணி:
கல்யாணத் தேதி குறித்ததுமே என் நாத்தனார் சந்தையில் முகம் வெளுக்கும் கிரீம் ஒன்று வாங்கி வந்தாள். சின்ன டப்பா. உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எங்கும் போடவில்லை. "நகை படாமல் பூசவும்" என்று மட்டும் ஒரு துண்டுச்சீட்டு. நகைமேல் எவ்வளவு அக்கறை என்று சிரித்தோம்.

முகம் வெளுத்தது, பொய் சொல்ல மாட்டேன். கூடவே மோதிரமும் வெளுத்தது! கல் பதித்த பக்கம் மஞ்சள், உள்ளங்கைப் பக்கம் வெள்ளி மாதிரி. தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. நகைக்கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன கிரீம்மா பூசுற?" என்றுதான் முதலில் கேட்டார். பாதரசம் பட்டால் தங்கம் அதை இழுத்துக்கொள்ளுமாம்.

என் அண்ணன் வேலை பார்க்கும் பழைய இரும்புக் கடையில் உலோகம் பிரிக்க எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்று உண்டு. டப்பாமேல் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் திரையில் பாதரசம் என்றும், எவ்வளவு என்று ஒரு எண்ணும் வந்துவிட்டது.

ஆய்வகத்துக்காரன்:
அக்கா, பாதரசம் இருக்கிறது என்பதை நம்பலாம், ஆனால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அந்தக் கருவியை உலோகத்தை அளக்கத்தான் சரிசெய்து வைத்திருப்பார்கள், கிரீமை அளக்க அல்ல. ஆய்வகத்தில் கிரீமை அமிலத்தில் கரைத்து அளப்போம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா ஒப்பந்தம் அழகுப்பொருளுக்கு முதலில் வைத்த வரம்பு 1 பிபிஎம், அதாவது ஒரு டன் கிரீமில் ஒரு கிராம். இந்த மாதிரி டப்பாக்களில் ஆயிரக்கணக்கில் வரும். 2023இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுப்பொருளே கூடாது என்று முடிவு செய்தார்கள். சந்தைக்காரருக்கு யார் போய்ச் சொல்வது?

ஃபீனிக்ஸ் ஆன்ட்டி:
எங்கள் காலத்தில் வெளுப்பு கிரீமில் ஹைட்ரோகுயினோன் என்ற வேதிப்பொருள். கன்னத்தில் நீலக்கறுப்புத் திட்டு விழுந்த பெண்களை டர்பனில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். 1990இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் அதை அழகுப்பொருளில் தடை செய்தார்கள். 'வெளுப்பாக்கும்' என்று விளம்பரம் செய்யவும் கூடாது என்றார்கள். அப்புறமும் விற்கத்தான் செய்தார்கள். நாத்தனாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லம்மா.

சாட்ஸ்வர்த் அண்ணி:
கால் வீங்கியிருந்தது ஆன்ட்டி. கல்யாண அலைச்சல் என்று விட்டுவிட்டாள். டாக்டர் பார்த்தால் சிறுநீரில் புரதம். சிறுநீரகத்தைத்தான் இது முதலில் பிடிக்குமாம். கிரீமை நிறுத்தியாகிவிட்டது, பாதரச அளவுக்கும் சிறுநீர் கொடுத்திருக்கிறோம். நிறுத்தியதும் முகம் கறுக்கிறது என்று அழுகிறாள், அதுதான் பெரிய பாடு. மாமியார் வேறு, மோதிரத்தை அடுப்பில் காட்டினால் பழைய நிறம் வரும் என்கிறார்.

ஆய்வகத்துக்காரன்:
ஐயோ, அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்! சூட்டில் பாதரசம் ஆவியாகும், சமையலறையில் நிற்கிற எல்லாரும் அதைத்தான் மூச்சில் இழுப்பீர்கள். நகைக்கடைக்காரரிடமே கேளுங்கள். டப்பாவை இறுக மூடி, பையில் போட்டுக் கட்டி, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவள் முகம் துடைத்த துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள்.