ஊழியத்துக்காக வெளிநாடு வந்தவர்களுக்கு: முதல் வருஷம் பிரசங்கம் வேண்டாம்

கிறிஸ்தவ ஊழியத்துக்கென்று குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பிரதர், எப்போ ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. ஒரு வருஷத்துக்கு ஒன்றும் ஆரம்பிக்காதீர்கள். மொழியைப் படியுங்கள், தெருத்தெருவாக நடங்கள், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். அனுப்பிய சபையிலிருந்து "எத்தனை ஆத்துமாக்கள்?" என்று, அதாவது எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று, கேட்பார்கள். கேட்கட்டும்.

அதற்கும் முன்னால் விசா. சுற்றுலா விசாவில் வந்து சமாளித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அமெரிக்கா என்றால் மதப் பணியாளர்களுக்கு ஆர்-1 விசா இருக்கிறது. முதலில் 30 மாதம் வரை, மொத்தமாக 5 வருஷம் வரைதான். விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 2 வருஷம் அந்தத் திருச்சபைப் பிரிவில் உறுப்பினராக இருந்திருக்கவும் வேண்டும். நேபாளத்தில் கதையே வேறு. 2015-ஆம் வருஷத்து அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவே பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது; குற்றவியல் சட்டப்படி 5 வருஷம் வரை சிறை, வெளிநாட்டவராக இருந்தால் தண்டனைக்குப் பிறகு நாடுகடத்தல். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுச் சட்டத்தைப் படிக்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். பிரச்சினை வந்தால் நாம் விமானம் ஏறிவிடுவோம். நம்மை வீட்டுக்குள் சேர்த்தவர்கள்தான் அங்கேயே இருந்து போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, மொழிக்கு வருகிறேன். நான் வந்த ஏழாவது மாதம், ஒரு வீட்டில் ஜெபிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை உருக்கமாகவே சொன்னேன், கண்கூடக் கலங்கியது. ஆமென் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அந்த வீட்டுப் பாட்டி மகனைத் தனியாக அழைத்துக் கவலையோடு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "பாவம், இவருக்கு எவ்வளவு கடனாம்?" மன்னிப்புக்கு நான் பிடித்து வைத்திருந்த சொல், வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லும்போது மட்டும் பயன்படுவதாம். ஜெபம் முழுக்க அதைத்தான் கெஞ்சியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஆசிரியர் அந்தப் பாட்டியின் பேத்திதான். ஏழு வயது. நான் வேதத்தை வாசிப்பேன். தப்பாக வாசித்தால் என் விரலைப் பிடித்து வரியின் ஆரம்பத்துக்கே இழுத்து வைத்துவிடுவாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது 1715-ல். இடையில் இருக்கும் வருஷங்களை எண்ணிப் பாருங்கள்.

"எவ்வளவு தூரம் உள்ளூர்க்காரர்களைப்போல மாறலாம்?" என்பது அடுத்த கேள்வி. இதில் அவசரம் கூடவே கூடாது. இத்தாலிய இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி 1583-ல் சீனாவுக்குள் போனபோது தலையை மழித்து, புத்த பிட்சுவின் அங்கியைப் போட்டுக்கொண்டார். மதகுரு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் அங்கே படித்த அதிகாரிகளிடம் பிட்சுக்களுக்குப் பெரிய மதிப்பு இல்லை. அது புரிந்து, தாடி வளர்த்து, அறிஞர்களின் பட்டு உடைக்கு அவர் மாறியபோது 1595 ஆகிவிட்டது. அவ்வளவு புத்திசாலிக்கே உடை விஷயம் பிடிபடப் பன்னிரண்டு வருஷம்! முன்னோர்களுக்குச் செய்யும் சீனச் சடங்குகளில் கிறிஸ்தவர்கள் கலந்துகொள்ளலாமா என்ற சர்ச்சையோ, அவர் காலத்துக்குப் பிறகும் நீண்டு, 1742-ல் ரோம் முற்றிலும் தடை விதித்து, 1939-ல்தான் தளர்த்தியது. அதனால் வந்த முதல் மாதமே "இது பாவம், இது பரவாயில்லை" என்று பட்டியல் போட வேண்டாம். அந்த மண்ணில் பிறந்த விசுவாசிகளிடம் கேளுங்கள். ஏன், அத்தேனேயில் (ஏதென்ஸ் நகரில்) விக்கிரகங்களைப் பார்த்துப் பவுலின் ஆவி வைராக்கியம் அடைந்தது என்று வேதத்தில் அப்போஸ்தலர் 17 சொல்கிறது. ஆனாலும் அவர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர்களுடைய பலிபீடத்தையும் அவர்களுடைய புலவர்களையும் வைத்தே மரியாதையாகப் பேசினார்.

மாறும்போது கேலி நம் பக்கமிருந்தும் வரும். ஆங்கிலேய மிஷனரி ஹட்சன் டெய்லர் 1855-ல் சீன உடைக்கு மாறியபோது சக வெளிநாட்டவர்களே பரிகசித்தார்கள். இங்கே நம் தமிழ் ஐக்கியத்திலும் அப்படிப் பேச்சு கிளம்பும். தமிழ்ச் சபைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தாய்மொழியில் ஒரு பாட்டுப் பாடாவிட்டால் மனசு வறண்டுவிடும். மாதம் ஒரு தடவை போங்கள். வாரா வாரம் அங்கேயே ஒதுங்கினால், ஐந்து வருஷம் கழித்தும் உள்ளூர் மொழியில் வழி கேட்க மட்டும்தான் தெரியும்.

நாலைந்து மாதத்தில் எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், உள்ளூர்க்காரர்கள் எல்லாருமே மோசம் என்று தோன்றும். விசுவாசம் குறைந்துவிட்டதாக நினைத்துப் பயப்படாதீர்கள். கலர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-லேயே இதைக் கலாச்சார அதிர்ச்சி என்று கட்டம் கட்டமாக விவரித்து எழுதியிருக்கிறார். வீட்டில் மனைவிக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். உங்களுக்காவது "ஊழியர்" என்று ஒரு அடையாளம் இருக்கிறது. வாரத்தில் சில மணி நேரம் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை மொழி வகுப்புக்கு அனுப்புங்கள்.

அப்புறம், நமக்காக ஜெபிக்கிறவர்களுக்கு ஊழியச் செய்தி எழுதி அனுப்பும் ஜெபக்கடிதம். ஆட்களின் முகம், பெயர், ஊர் எதுவும் அதில் வேண்டாம். நம் ஊரில் பத்துப் பேருக்கு அனுப்பியது வாட்ஸ்அப்பில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களைப் பரிதாபமாகக் காட்டி எழுதுவதையும் விட்டுவிடுங்கள்; மொழிபெயர்த்து அவர்களே வாசிக்கும் காலம் இது. அந்தப் பாட்டியோடு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு படம். அது அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் "கடன்காரர் இவர்தான்" என்று காட்டுவார்.