சுனாமி உதவிக் காசு யாருடைய கையில் தங்கிச்சு? வீடு, வள்ளம், பாலம்: கண்டதை எழுதுங்க

கல்லடி மேசன்

இன்னும் மனசைக் குடையிறது ஒரு லிண்டல், கதவுக்கு மேல போடுற கொங்கிறீற் வளை. மட்டக்களப்பு திராய்மடுப் பக்கம், சாவி குடுத்து மூண்டு மாசமும் ஆகாத சுனாமி வீடு. சாமிப்படம் கொழுவ வீட்டுக்கார அம்மா கதவுக்கு மேல ஆணி வைக்கிறா, ரெண்டாம் தட்டுக்கே தலை வரைக்கும் உள்ள போயிட்டு. பின்னால மணல் கொட்டுது. அதுக்குப் பேர் கொங்கிறீற்.

பீஓகியூ தாளில (வேலை அளவும் விலையும் எழுதின பட்டியல்) 1:2:4 எண்டு கிடக்கு, ஒரு பங்கு சீமெந்து, ரெண்டு மணல், நாலு சல்லி. அந்தக் கலவையில ஒரு கியூபுக்கு, அதாவது 100 கன அடிக்கு, 18 பை சீமெந்து போகும். 1:3:6 ஆக்கினா 12, 13 பையில முடிஞ்சிரும். தண்ணியைக் கூட்டி ஊத்தினா பார்வைக்கு ரெண்டும் ஒண்டுதான்.

மேசனைத் திட்டுறதுக்கு முதல் மேல பாருங்க. பாஸுக்கு, அதாவது தலைமை மேசனுக்கு, கிடைச்சது கூலிக் கொந்தராத்து. அவருக்கு மேல ஒரு சப் (துணைக் கொந்தராத்துக்காரர்), அதுக்கு மேல இன்னொரு சப், பிறகு கொழும்புக் கொம்பனி, கன்சல்டன்ட், என்.ஜீ.ஓ., கடைசியில காசு தந்த நாடு. உதாரணத்துக்கு 100 ரூபாய் வையுங்க. நிர்வாகச் செலவும் மேற்பார்வையும் 18 எடுத்தா 82. மெயின் கொம்பனி அதில 20 வீதம் வைச்சா 65 சொச்சம். ரெண்டு சப்பும் பத்துப் பத்து வீதம் கழிச்சா 53. 65 ரூபாய்க்கு சாமானும் கூலியும் போகவேண்டிய வீட்டை 53க்குக் கட்டோணும். அந்த 12 ரூபாயை மணலிலயோ கூலியிலயோ பிடிக்க ஏலாது. சீமெந்திலதான் பிடிப்பாங்க.

மருதமுனைக் கரை

மேசன் அண்ணன்ட கணக்குச் சரி. ஆனா அது துவங்கினது கொந்தராத்தில இல்ல, 200 மீற்றரில.

தெற்கிலயும் மேற்கிலயும் கடலில இருந்து 100 மீற்றர், வடக்குக் கிழக்கில 200 மீற்றர் கட்டக்கூடாது எண்டாங்க. கோட்டுக்கு வெளியில வீடு போனவருக்கு 250,000 ரூபாய், நாலு தவணையில, நேரா அவர்ர பாங்குப் புத்தகத்துக்கு. உள்ளுக்கு இருந்தவருக்குக் காசில்ல, வேற காணியில யாரோ கட்டித் தாற வீடு. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எப்பிடி நெருங்கின ஊர் எண்டு எல்லாருக்கும் தெரியும். 200 மீற்றர் எண்டா தெருத் தெருவாப் போகும். நாட்டிலயே கூடுதலா மௌத்தான மாவட்டம் அம்பாறை, 10,000க்கு மேல. இங்கதான் காசு ஆக்கள்ர கைக்கு வராம ரெண்டருக்கு (கேள்விப்பத்திரம்) போனது. பிறகு கோட்டைத் தளர்த்தினாங்க, அதுக்குள்ள பலதுக்குக் கையெழுத்து வைச்சு முடிஞ்சிட்டு.

பொத்துவில் வள்ளக்காரன்

வீட்டை விடுங்க, வள்ளத்தைக் கேளுங்க. பைபர் வள்ளத்தின்ர அடிக்கு 450 கிராம் மெற் (கண்ணாடி நார் விரிப்பு) நாலைஞ்சு அடுக்கு வேணும், அடி நடுவில நீளத்துக்கு ஓடுற ஏராவுக்கு இன்னும் கூட. வெளிச்சத்துக்கு நேரா நிமித்திப் பிடிச்சா எங்க மெல்லிசு எண்டு தெரியும். உதவியா வந்ததொண்டைக் கரையில அப்பிடிப் பிடிச்சம். அடியால சூரியன் தெரியுது, ஒரு பக்கம் மட்டும் இல்ல. ரெசினில சுண்ணாம்புத் தூள் கலந்தா பாரம் வரும், பலம் வராது. அலையில ரெண்டு தரம் அடிச்சா வெடிப்பு நீட்டுக்குப் போகும்.

வள்ளம் கட்டுற யாட்டுக்காரருக்குக் காசு எண்ணிக்கைக்கு. என்.ஜீ.ஓ.வுக்கும் அறிக்கையில எண்ணிக்கைதான். வலை இல்லாதவருக்கும் வள்ளம் கிடைச்சது அதாலதான்.

டி.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ஓய்வு)

மருதமுனைத் தம்பி, காசைக் கையில குடுத்தாச் சரி எண்ட மாதிரி எழுதுறீங்க. 250,000ல 500 சதுர அடி முடியல்ல. எல்லாரும் ஒரே நேரத்தில கட்ட மணலும் கூலியும் ஏறினது. அத்திவாரத்தோட நிண்ட வீடுகளை அளந்து எழுதினது நாங்கதான், ஒவ்வொரு தவணைக்கும். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில 550,000 குடுத்தும் கடன்பட்டவங்க இருக்காங்க. ஆனா அந்தச் சுவரில ஆணி நிக்கும், கலவை போடேக்க வீட்டுக்காரர் பக்கத்தில நிண்டதால. இது நான் ஒத்துக்கொள்ளுறது.

இனி எங்கயாவது கட்டித் தாறம் எண்டு வந்தா ரெண்டருக்கு முதலே லொட் அளவைக் கேளுங்க, ஒரு ஒப்பந்தத்தில எத்தனை வீடு எண்டு. நூறு வீட்டை ஒரே லொட்டாப் போட்டா மட்டக்களப்பு, அம்பாறைச் சின்னக் கொந்தராத்துக்காரரின்ர பதிவுத் தரத்துக்கு அது கிட்டாது. கொழும்பு எடுக்கும், பிறகு அதே உள்ளூர் ஆளுக்குத்தான் சப்பா வரும். பத்துப் பத்தாப் பிரிச்சா ஒரு தட்டுக் குறையும். சப் குடுக்க எழுத்தில அனுமதி வேணும் எண்ட வரியை ஒப்பந்தத்தில தேடுங்க. பீஓகியூ பிரதி தமிழில கேளுங்க, ஜீ.எஸ். (கிராம சேவகர்) மூலம் டீ.எஸ். ஒபிசில (பிரதேச செயலகம்) கேட்கலாம். 1:6 கலவையில ஒரு பை சீமெந்துக்கு இருபத்திச் சொச்சம் சீமெந்துக் கல்தான் வரும். 40 அடிச்சிருந்தா அது கல்லில்ல, இடுப்பளவில இருந்து போட்டுப் பாருங்க. கடல் மண்ணில உப்பு, கம்பியைத் தின்னும், ஆத்து மண்தான் கேட்கோணும். தூணுக்கு நாலு கம்பி, 6 மி.மீ. வளையம் ஆறங்குலத்துக்கு ஒண்டு, கம்பிக்கு வெளியில ஓரங்குலம் கொங்கிறீற். ஊத்தினதுக்கு ஏழு நாள் தண்ணி.

மண்முனை

மேல் தட்டையும் சொல்லோணும். 2014ல திறந்த மண்முனைப் பாலம் ஜப்பான் நன்கொடை. அவங்கட நன்கொடையில கன்சல்டன்டும் மெயின் கொந்தராத்துக்காரரும் ஜப்பான் கொம்பனிதான், அது ஒளிச்ச விசயமில்ல, விதி. பாலம் நல்ல பாலம். உதவிக் காசைச் சொந்தக் கொம்பனிக்குக் கட்டாதீங்க எண்டு பணக்கார நாடுகள் 2001ல ஒரு பரிந்துரைக்கு ஒத்துக்கொண்டாங்க, ஆனா அது மிக வறிய நாடுகளின்ர பட்டியலுக்கு. இலங்கை அந்தப் பட்டியலில இல்ல.

அக்கரைப்பற்று 7

அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலை. சவூதி காசில 500 வீடு. வீட்டை யாருக்குக் குடுக்கிறது எண்ட வழக்கு உயர் நீதிமன்றம் போய் வருசக்கணக்காப் பூட்டிக் கிடந்து காடு பத்தினது. கொந்தராத்து எண்டது கட்டி ஒப்படைக்கிறதோட முடியும், ஆள் குடியேறுறது அதில ஒரு நிபந்தனையே இல்ல. நல்லாக் கட்டின வீட்டிலும் இது நடக்கலாம்.

கல்லடி மேசன்

டி.ஓ. சேர், சொன்னதெல்லாம் நல்லது, ஆனா ரிடென்ஷனை, வேலை சரியா முடியும் வரைக்கும் பிடிச்சு வைக்கிற காசை, விட்டுட்டீங்க. பில்லில பிடிக்கிற அந்தக் காசில பாதி வேலை முடிய, மற்றப் பாதி திருத்தக் காலம் முடிய விடுவாங்க. பிடிக்கிறது மெயினிட்ட. மெயின் சப்பிட்டயும் பாஸிட்டயும் அதே வீதம் பிடிக்கும். மேல விட்ட காசு கீழ வந்து சேருதா எண்டு பார்க்க ஒருத்தருமில்ல. காசு வராத பாஸ் திருத்த வரமாட்டார். வீட்டுக்காரருக்கும் அந்தக் காலம் எப்ப முடியுது எண்டு ஒருத்தரும் சொல்லல்ல.

அந்தக் கதவு லிண்டலை உடைச்சுத் திரும்ப ஊத்தினது அம்மாட காசில. நாலரை அடி நீளம், ஆறங்குலம் அகலம், ஆறங்குலம் உயரம். சீமெந்து பத்துக் கிலோ அளவுதான் போனது.