வகாஷியோ கப்பலும் மாஹேபூர் மீனவர்களும்

நிறுவனங்களால் ஊருக்கு விளையும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்ற இந்த உரையாடலில், ஆலைகளாலும் சுரங்கங்களாலும் உங்கள் ஊர்களுக்கு நேர்ந்ததை அன்பர்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் மொரீஷியஸ்காரன். எங்கள் துறைமுகத்தில் எந்த வேலையும் இல்லாமல், சிங்கப்பூரிலிருந்து பிரேசிலுக்குச் சரக்கேற்றப் போய்க்கொண்டிருந்த வகாஷியோ கப்பல், 2020 ஜூலை 25 அன்று எங்கள் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் தரைதட்டியது. 12 நாட்கள் கழித்து அதன் எரிபொருள் எண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது.

யாருடைய ஆணைக்கும் காத்திராமல் அருகிலுள்ள மாஹேபூர் கடற்கரையில் மக்கள் கூடினார்கள். நானும் உறவினர்களோடு சென்றேன். கரும்புச் சோகையை நீளமான துணிப்பைகளில் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் போத்தல்களையும் சேர்த்து, வாயைத் தைத்து, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துப் படகில் இழுத்துச் சென்று தடுப்பாக விரித்தோம். கையுறையைக் கழற்றிய பிறகும் விரலிடுக்கில் பிசுபிசுப்பு போகவில்லை. அருகில் தைத்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், இதற்கு நாம் யாரிடம் போய்க் கேட்பது என்று எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கப்பல் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தம், வாடகைக்கு எடுத்து இயக்கியது இன்னொரு ஜப்பானிய நிறுவனம், பதிவும் கொடியுமோ பனாமாவுடையவை. எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கென இருக்கும் பன்னாட்டு இழப்பீட்டு நிதி, இது சரக்குக் கப்பல் என்பதால் கைகொடுக்கவில்லை. மற்ற உடன்படிக்கைகளின்படி உரிமையாளர் தரவேண்டிய தொகைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு கப்பலின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறதே தவிர, பாழான பவளத்தையும் அலையாத்திக் காட்டையும் வைத்து அல்ல.

சட்டப்படியான பொறுப்பு உரிமையாளருடையது என்று கூறிய வாடகை நிறுவனம், சமூகப் பொறுப்பின் பேரில் 100 கோடி யென் வழங்குவதாக அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. சட்டம் கேட்காத ஒன்றைச் செய்ய முன்வந்தது பெரிய மாற்றமே. ஆயினும் மனமுவந்து தரும் தொகையின் அளவையும் நோக்கத்தையும் தருபவரே முடிவுசெய்கிறார். கடலில் மீன்பிடிக்கத் தடை வந்து வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு அதில் கேட்கும் உரிமை கிடையாது.

எங்கள் நாட்டில் நிறுவனங்கள் இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கவேண்டும் என்று 2009 முதல் சட்டம் இருக்கிறது. இங்கே வரி கட்டாமல் கரையோரமாகக் கடந்துபோகும் கப்பலை அது தொடாது. ஆகவே, பயணத்தால் இலாபம் பெறும் வாடகை நிறுவனத்தையும் உரிமையாளரோடு சேர்த்துச் சட்டப்படியே பொறுப்பாக்க வேண்டும் என்பதும், பவளமும் அலையாத்தியும் மீண்டு வரும் வரை ஆகும் செலவை இழப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.