இணைப்பு பிரேக் வண்டிகள்: மலையிலும் சேற்றிலும் பட்டறையிலும் கண்டவை

சேந்தமங்கலம், 110 சிசி ஸ்கூட்டர் ஓட்டுபவர்

கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே உள்ள பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிவதால், காரவள்ளிக்கு மேலே உள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஸ்கூட்டரிலேயே ஏறி இறங்குகிறேன். முன்பு வைத்திருந்த பழைய ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். மழை பெய்து சருகு ஒட்டிக்கிடக்கும் வளைவில் அதைச் சற்று அழுத்தினாலும் பின்பக்கம் வாலாட்டும். இணைப்பு பிரேக் உள்ள இப்போதைய வண்டியில் அதே லீவரைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது. முன்பக்கம் இலேசாக அமுங்கி, வண்டி நேர்கோட்டிலேயே நிற்கிறது. முன்பிரேக்கைத் தொட்டாலே குப்புறக் கவிழ்ந்துவிடுவோம் என்று அஞ்சிப் பின்பிரேக்கை மட்டுமே நம்பும் நம்மைப் போன்றவர்களுக்காகவே இதை அமைத்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

ஆனால் இறக்கத்தில் வேறொன்றையும் கவனித்தேன். வளைவுக்கு வளைவு இடக்கை லீவரையே பிடித்துக்கொண்டு இறங்கினால் இரண்டு சக்கரங்களின் பிரேக் டிரம்களும் ஒருசேரச் சூடாகின்றன. பாதி மலை இறங்குவதற்குள், டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ கருகும் வாடை வருகிறது. லீவரும் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. ஸ்கூட்டரில் வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடுவதால் வேகத்தைக் குறைக்க உதவும் எஞ்சினின் இழுப்பும் கிடைப்பதில்லை. ஆகவே ஆக்சிலேட்டரை ஒரு நொடி இலேசாகத் திருகி, கிளட்ச் பற்றிய பிறகு விட்டுவிட்டு, எஞ்சினையும் கொஞ்சம் வேலை வாங்கிக்கொண்டே இறங்குகிறேன். மலையில் வேறு எவரேனும் இதைப் பார்த்திருந்தால் எழுதவும்.

மதுரை, பட்டறை நடத்துபவர்

சேந்தமங்கலம் ஆசிரியர் சொன்ன வாடையுடன் எங்களிடம் வரும் வண்டிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மலையைப் பார்க்காதவை, கேபிளைச் சரியாக வைக்காததால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே ஓடுபவை. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 125 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு இணைப்பு பிரேக் அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் அமைப்பு), அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும் ஏனைய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் நடப்புக்கு வந்தது. ஹோண்டா அதற்கு வெகு முன்பாகவே, 2009-இல், ஆக்டிவாவில் காம்பி பிரேக் என்ற பெயரில் இதைக் கொடுத்துவிட்டது. டிவிஎஸ் இதை எஸ்பிஎஸ் என்கிறது, ஹீரோ ஐபிஎஸ் என்கிறது, யமஹா யுபிஎஸ் என்கிறது. பெயர் எதுவானாலும் ஸ்கூட்டரில் இடக்கை லீவரும் பைக்கில் கால் பிரேக்கும் இரண்டு சக்கரங்களையும் பிடிக்கும். வலக்கை லீவர் முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும்.

ஸ்கூட்டரில் லீவரின் இழுப்பை இரண்டு கேபிள்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது, தராசுக் கோல் போன்ற ஒரு சிறு துண்டு. ஒருபுறக் கேபிள் தளர்ந்திருந்தால் கோல் அந்தப் பக்கமே சாய்ந்து, லீவரின் ஓட்டம் அங்கேயே செலவாகிவிடும். பின் ஷூ தேய்ந்ததும் பின்சக்கரத்து நட்டை மட்டும் முறுக்கி அனுப்பிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. முன்பக்க இணைப்புக் கேபிளை யாரும் தொடுவதில்லை. சில மாதங்களில் அது பெயருக்குத்தான் இணைப்பு பிரேக். வேலை முழுவதையும் பின்சக்கரமே செய்துகொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு இது தெரியவும் தெரியாது, ஏனென்றால் பின்சக்கரம் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சோதிப்பது எளிது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். இன்னொருவர் முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, இடக்கை லீவரை மட்டும் பிடிக்கட்டும். சக்கரம் சட்டென்று நிற்க வேண்டும். லீவர் கைப்பிடியைத் தொடும்வரை இழுத்தும் சுற்றிக்கொண்டே இருந்தால் இணைப்புக் கேபிளைச் சரிசெய்தாக வேண்டும்.

அந்தக் கேபிளையே கழற்றிவிடச் சொல்லி வருபவர்களும் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை.

திருத்துறைப்பூண்டி, 100 சிசி மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்

கழற்றச் சொல்லி வருபவர்களின் தரப்பையும் யாராவது சொல்ல வேண்டுமே. எங்கள் பக்கம் வாய்க்கால் கரைகள் எல்லாம் களிமண். ஐப்பசி மழைக்குப் பிறகு உர மூட்டையுடன் அந்தக் கரையில் போகும்போது பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் சுழல்வது நின்று சறுக்கினால் ஹேண்டில் மடங்கி ஆள் வாய்க்காலில்தான் கிடப்பார். பழைய வண்டியில் அத்தகைய இடத்தில் கால் பிரேக்கை மட்டும் துணிந்து மிதிப்போம். இணைப்பு வந்த பிறகு அந்தத் துணிவு இல்லை, ஏனென்றால் அழுத்தி மிதித்தால் முன்சக்கரமும் பிடித்துக்கொள்ளும் என்பது தெரியும்.

இருந்தாலும் நான் கழற்றவில்லை. முன்பக்கம் சற்றுத் தாமதித்துப் பிடிக்கும்படி என் வண்டியில் ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பதால், பெடலை மெல்ல மிதித்தால் பின்சக்கரம் மட்டுமே பிடிக்கிறது. ஆகவே சேற்றில் இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சினின் இழுப்பில் வேகத்தைக் குறைத்து, பெடலை மேலோட்டமாகவே தொடுகிறேன். தார்ச் சாலையில் ஏறியதும் இதே இணைப்பு எனக்கு வேண்டியிருக்கிறது. மன்னார்குடிச் சாலையில் குறுக்கே வந்த ஆட்டுக்காக மிதித்தபோது வண்டி நின்ற விதத்தைப் பழைய வண்டியில் நான் கண்டதில்லை.

லண்டன், பெரிய சுற்றுலா பைக் ஓட்டுபவர்

கேபிளும் ஸ்பிரிங்கும் இல்லாத இணைப்பு பிரேக்கைப் பற்றி ஒரு சொல். பெரிய வண்டிகளில் இது புதிதல்ல. இத்தாலியின் மோட்டோ கூட்சி 1975-ஆம் ஆண்டின் 850 டி3 வண்டியிலேயே, கால் பெடல் பின் டிஸ்க்கையும் முன்னுள்ள இரு டிஸ்க்குகளில் ஒன்றையும் பிடிக்கும்படி அமைத்திருந்தது. கை லீவருக்கு மற்றொரு முன் டிஸ்க். ஹோண்டா தொண்ணூறுகளில் கொண்டுவந்த இரட்டை இணைப்பு முறையில் லீவரைப் பிடித்தாலும் பெடலை மிதித்தாலும் இரு சக்கரங்களும் பிடிக்கும். அதில் ஒரு முன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) சற்றே அசையும்படி பொருத்தப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது சுழலும் டிஸ்க் அதைத் தன்னோடு இழுக்க, அந்த அசைவு ஒரு சிறு சிலிண்டரை அழுத்தி, அங்கிருந்து ஆயில் அழுத்தம் ஒரு வால்வு வழியாகப் பின் காலிப்பருக்குப் போகும். முன்சக்கரம் எவ்வளவு உழைக்கிறதோ அதைப் பொறுத்தே பின்சக்கரத்துக்குப் பங்கு கிடைக்கிறது என்பதே இதன் அழகு.

அழகுக்கு விலையும் உண்டு. பழைய வண்டிகளில் அந்தச் சிறு சிலிண்டர் அழுக்கேறித் திரும்பி வராமல் நின்றால், பின் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் என் வண்டியின் பின் டிஸ்க் கையை அருகில் கொண்டுபோக முடியாத அளவு கொதித்துக் கிடந்தது. பிரேக் ஆயிலை மாற்றுவதும் ஒரு திருகைத் திறந்து மூடும் வேலை அன்று. காற்றை எந்த வரிசையில் வெளியேற்ற வேண்டும் என்பதைச் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

மதுரை, பட்டறை நடத்துபவர்

திருத்துறைப்பூண்டி நண்பர் சொன்னது நியாயம். இணைப்பு பிரேக்கை ஏபிஎஸ் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களிடம் நான் அதைத்தான் சொல்கிறேன்: இழுப்பைப் பங்கிடுவதோடு இதன் வேலை முடிந்தது, சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் சென்சார் எதுவும் இதில் கிடையாது. ஆசிரியருக்கு ஒன்று: மலை வண்டிக்குப் பின் ஷூவை மாற்றும்போது முன் ஷூவையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்முக்குள் சேர்ந்த தூளைத் தட்டிவிட்டு, ஷூவை விரிக்கும் கேமில் கிரீஸ் வைத்து, பிறகு இரண்டு கேபிள்களையும் ஒன்றாக வைத்துச் சரிசெய்தால் அந்த வாடையும் பெருமளவு குறையும்.